துடைச்சாப் போதும் எண்டால், நீங்களே துடையுங்கோவன்

யாழ்ப்பாணத்தில் கண்ணாடி அடுப்பை விற்கிற ஆக்களும் வாங்கிக் கொடுக்கிற ஆக்களும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "புகை இல்லை, கரி இல்லை, ஒருக்காத் துடைச்சாப் போதும்." கடைக்காரர் சொல்கிறார். கனடாவிலிருந்து காசு அனுப்புகிற அண்ணா போனில் சொல்கிறார். குடிபூரலுக்கு வந்து குசினியைச் சுற்றிப் பார்த்த மாமா, தான் ஒருநாளும் தொட்டிராத அடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அதையே சொல்கிறார். அந்த வசனத்தில் எழுவாய் இல்லை. துடைக்கிறது யார் எண்டு எவரும் சொல்வதில்லை, ஏன் எண்டால் சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்குக் கண்ணாடி அடுப்போடு கோபம் இல்லை. அந்த வசனத்தோடுதான் கோபம்.

முதலில், எந்த அடுப்பைப் பற்றிக் கதைக்கிறோம் எண்டு தெளிவாக்கி விடுவம். எங்கட ஊரில் "கண்ணாடி அடுப்பு" என்ற ஒரே பெயரில் மூன்று சாமான்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, மேல் தகடுக்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட காஸ் அடுப்பு. அது சூடேற்றி உறுதியாக்கிய சாதாரணக் கண்ணாடி. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க காஸ் வெடிப்புகள் நடந்தபோது, சிதறிய கண்ணாடி அடுப்புகளின் படங்களை எல்லாரும் பார்த்தோம். அடுத்த இரண்டும் கறண்டில் வேலை செய்பவை. கண்ணாடிக்குக் கீழே சுருள் சிவந்து எரிவது ஒன்று, சட்டியை மட்டும் சூடாக்கும் இன்டக்ஷன் மற்றது. இவற்றின் மேற்பரப்பு வேறு பொருள், கண்ணாடிப் பீங்கான். 1953இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகையில் சூடாக்க உலையில் வைத்தார். உலை பிழைத்து 900க்குப் போய்விட்டது. உருகி ஓடியிருக்க வேண்டிய கண்ணாடி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கை தவறிக் கீழே விழுந்தும் உடையவில்லை. 1971இல் ஜெர்மனியின் ஷொட் நிறுவனம் இந்த வகைப் பொருளை அடுப்பு மேற்பரப்பாக, செரான் என்ற பெயரில், சந்தைக்குக் கொண்டு வந்தது. சூட்டில் அது விரிவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் ஒரு பக்கம் செந்தணலாகவும் மறுபக்கம் கை வைக்கக்கூடியதாகவும் இருந்தும் வெடிப்பதில்லை.

நல்ல கண்டுபிடிப்பு. அதோடு, புகையும் சின்ன விசயம் இல்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2012 குடிசன மதிப்பு எடுத்தபோது இலங்கையின் பெரும்பான்மை வீடுகள் விறகில்தான் சமைத்தன. அந்தப் புகை யாருடைய நெஞ்சுக்குள் போனது என்று நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தோடும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. "அந்தக் காலத்து விறகடுப்பு, மண்சட்டி மீன்குழம்பு, அந்த ருசி இப்ப எங்க?" என்று முகநூலில் உருகுகிற கூட்டம். அந்த ருசியை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஊதுகுழல் பிடித்திருக்கிறார்கள்? மாரி மழையில் நனைந்த காவோலையையும் பன்னாடையையும் வைத்து நெருப்பு மூட்டியிருக்கிறார்கள்? ஊமல் தணலில் சோறு இறக்கிவிட்டு, அடிப்பிடித்த பானையைக் கிணற்றடியில் குந்தியிருந்து சாம்பலும் பொச்சும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்? மண்சட்டியின் ருசி தெரிந்தவர்களுக்கு அதன் கரி தெரியாது. கண்ணாடி அடுப்பைப் புகழ்கிறவரும் விறகடுப்பை நினைத்து ஏங்குகிறவரும் ஒரே கதிரையில் இருந்துதான் கதைக்கிறார்கள். அந்தக் கதிரை சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருக்கிறது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். "மோர் வேர்க் ஃபோர் மதர்" என்பது அதன் பெயர், அம்மாவுக்கு இன்னும் கூட வேலை என்று பொருள். வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகு வீட்டுவேலை ஏன் குறையவில்லை என்பதே அவருடைய கேள்வி. அவர் கண்ட பதில் எளிமையானது. திறந்த அடுப்பங்கரைக்குப் பதிலாக இரும்பு அடுப்பு வந்தபோது குறைந்தது விறகு. விறகு வெட்டுவது ஆணின் வேலை. அது போனது. சமைக்கிறதும் கழுவுகிறதும் போகவில்லை, கூடவே அடுப்பைத் துலக்குகிற வேலையும் வந்து சேர்ந்தது. இயந்திரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த வேலை பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைதான். அதோடு, சுத்தம் என்றால் என்ன என்பதன் அளவுகோலும் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது.

இதை அப்படியே குடாநாட்டுக்குள் கொண்டு வந்து பாருங்கள். விறகடுப்புக் காலத்தில் எங்கள் வீட்டு ஆம்பிளையளுக்கு ஒரு பங்கு இருந்தது. சைக்கிளில் விறகு கட்டி வருவது, கோடாலியால் கொத்திப் போடுவது, தென்னம்பாளையும் மட்டையும் பொறுக்கி மழைக்கு முன் கொட்டிலுக்குள் அடுக்குவது. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கிக் கறண்ட் நின்று, மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் போன வருடங்களில், எரிக்க ஏதாவது தேடுவது வீட்டில் எல்லாருக்கும் பொது அலுவலாகவே இருந்தது. மரத்தூள் அடுப்பு இடிக்க ஆம்பிளையின் கைப்பலம் தேவைப்பட்டது. பிறகு காஸ் வந்தது. பங்கு சுருங்கியது, ஆனாலும் சிலிண்டர் தூக்கிவர ஒரு ஆள் வேணும். 2022இல் வரிசையில் நிற்க ஆள் வேணும். இப்போது கண்ணாடி அடுப்பு. ஆளி ஒன்றைத் தட்டினால் சூடு. விறகும் இல்லை, சிலிண்டரும் இல்லை. ஆம்பிளையின் கடைசிப் பங்கும் முடிந்தது. விறகு கொத்தினவர் ஓய்வு பெற்றுவிட்டார். சட்டி தேய்த்தவர் இன்னும் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், இப்போது அடுப்பையும் சேர்த்து.

"அதுதானே, அந்த வேலை லேசாகிப் போச்சே" என்பார்கள். லேசாகவில்லை, வேறாகிப் போச்சு. விறகடுப்பு அழுக்கை மறைக்கும். சாணம் மெழுகின அடுப்பில் கஞ்சி வழிந்தால் அது கஞ்சி, அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடியோ முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒவ்வொரு துளியையும் காட்டிக் கொடுக்கும். எண்ணெய்த் துளி, கைரேகை, ஈரத்துணி போன தடம், எல்லாம் தெரியும். காலையில் துடைத்தது மத்தியானம் துடைக்காதது மாதிரி இருக்கும். வருகிற ஆக்கள் பார்ப்பார்கள். மாமி பார்ப்பா. அளவுகோல் ஏறுகிறது என்றால் இதுதான்.

இந்த அடுப்பு எந்தக் குசினியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் யோசிக்க வேணும். அதற்குத் தட்டையான அடி வேண்டும். எங்கள் தாச்சிக்கு அடி வளைவு, மண்சட்டிக்கும் வளைவு. மண்சட்டியின் சொரசொரப்பான அடி கண்ணாடியைக் கீறும். இன்டக்ஷனில் மண்சட்டியும் அலுமினியமும் சூடாகவே மாட்டா. புட்டுப் பானையும் இடியப்பப் பானையும் அரைவாசி வீடுகளில் அலுமினியம். மற்ற வகைக் கண்ணாடியில் அலுமினியத்தை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். சோறு கஞ்சி கக்கிப் பொங்குவது எங்கள் வீடுகளில் தினசரி நிகழ்வு. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்திலில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணி. அதே தண்ணியில் நனைத்த துணியால் சூடான கண்ணாடியைத் துடைத்தால் அதே வெள்ளை அங்கேயும் படியும். "ஒருக்காத் துடைச்சாப் போதும்" என்று சொன்னவர் எங்கள் கிணற்றில் தண்ணி அள்ளிப் பார்க்கவில்லை.

அதோடு ஒரு அறிவும் செல்லாக்காசாகிறது. சாம்பல், மணல், பொச்சு, தேய்க்கிற தூள், கம்பிச் சுருள் என்று அம்மம்மா முதல் அம்மா வரை கை பழகின எல்லாம் இந்தக் கண்ணாடிக்கு எதிரி. எல்லாம் கீறும். அதற்குப் பதிலாக ஒரு போத்தல் கிறீம் வேண்டுமாம். எங்கள் ஒழுங்கைக் கடையில் அது இல்லை. லண்டன் பாசலில் வரும், முடிந்தால் அடுத்த பாசல் வரும்வரை காத்திருக்க வேணும். எங்களில் ஒருவரின் வீட்டுக்கு வந்த அடுப்போடு ஐந்து மொழிகளில் கையேடு இருந்தது. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. துடைக்கிற ஆளுக்கு எப்படித் துடைப்பது என்று சொல்லிக் கொடுக்க யாரும் மினக்கெடவில்லை. கீறல் விழுந்ததும் "உனக்கு ஒரு சாமான் வடிவாப் பாவிக்கத் தெரியாது" என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது. கூலிக்கு வந்து வீட்டுவேலை செய்கிற பெண் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சு அவவுக்கு. சிலவேளை நாள்கூலியிலும் கை வைக்கப்படும்.

கறண்ட் பில்லுக்கு வருவம். 2,000 வாட் அடுப்பு முழுச்சூட்டில் ஒன்றரை மணித்தியாலம் எரிந்தால் 3 அலகு. மாதத்துக்கு 90. வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படி ஏற ஏறக் கூடுகிறது. அடுப்பு மட்டுமே ஒரு சிறு குடும்பத்தை மேல் படிக்குத் தள்ளப் போதும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தது. பிறகு குறைத்தார்கள், திரும்பவும் கூட்டினார்கள். இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் குசினிக்குள் எப்படி வந்து சேர்கிறது? "இந்த மாசம் பில் என்ன இவ்வளவு?" என்ற கேள்வியாக. பில்லைக் கட்டுகிறவர் சூட்டைக் கண்காணிக்கத் தொடங்குகிறார். விறகடுப்பில் எத்தனை கொள்ளி வைக்கிறது என்பது அவ முடிவு. கண்ணாடி அடுப்பில் எத்தனையாம் இலக்கத்தில் வைக்கிறது என்பது அவர் முடிவு.

இதற்கு "காஸுக்குப் போங்கோ" என்பது பதில் இல்லை. 2021 ஒக்டோபர் முற்பகுதியில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ஆனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் கறண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லை. காஸும் கறண்டும் கைவிட்ட அந்த மாதங்களில், கண்ணாடி அடுப்புக்குத் துணி போட்டு மூடிவிட்டு, எங்கள் தாய்மார் பின்வளவில் மூன்று கல் வைத்தார்கள். ஆட்சியாளர்கள் நாட்டை வங்குரோத்தாக்கியதன் விலையை நெருப்பு ஊதிக் கட்டினவர்கள் அவர்கள்.

துணி போட்டு மூடுவது பற்றிச் சொன்னோம். புது வீடுகளைப் பாருங்கள். முன்னுக்கு ஒரு குசினி, பான்ட்ரி கபேட், கல் பதித்த மேசை, நடுவில் கண்ணாடி அடுப்பு. பின்னுக்குத் தகரம் போட்ட இன்னொரு குசினி, அங்கேதான் மீன் பொரியும், மிளகாய்த்தூள் வறுபடும், சோறு வேகும். முன் அடுப்பில் விருந்தாளிக்குத் தேத்தண்ணி. ஸ்காபரோவிலும் பல தமிழ் வீடுகளில் இதே கதைதான், மேலே பளபளப்பு, பேஸ்மென்டில் பொரியல். ஆக, சமைக்காத அடுப்பையும் துடைக்க வேண்டியிருக்கிறது, ஏன் எண்டால் தூசி படியும், ஆக்கள் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் இரண்டு குசினி என்றால் பெருமை இரண்டு மடங்கு. துடைக்கிற ஆள் மட்டும் ஒன்று.

"சுத்தமான எரிபொருள்" என்ற சொல்லையும் சும்மா விழுங்க வேண்டாம். கரி காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. நுரைச்சோலையில் எரிவது நிலக்கரி. எங்கள் பக்கத்தில், சுன்னாகத்தில் இயங்கிய தனியார் டீசல் மின்நிலையம் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலக்கக் காரணமானது என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அந்தக் காலம் முழுக்க பவுசர் தண்ணிக்கு வாளியோடு காத்திருந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். கண்ணாடி பளபளத்தது. கிணறு நாறியது.

சரி, என்ன செய்யிறது? அடுப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எழுவாயை மாற்றச் சொல்கிறோம். தெரியாது என்று சொல்லித் தப்பக் கூடாது என்பதற்காக, ஆம்பிளையளுக்குத் துடைக்கிற முறையை இங்கேயே எழுதி விடுகிறோம்.

முதலில் அடுப்பை நிறுத்தி, சூடு இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை பொறுங்கள். சாதாரண அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மெல்லிய ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணிதான் முக்கியம், ஈரத்தைக் காயவிட்டால் எங்கள் தண்ணி வெள்ளைத் தடம் வைக்கும். வெள்ளைத் தடம் ஏற்கனவே இருந்தால் வினாகிரியோ தேசிக்காய்ப்புளியோ தடவிச் சில நிமிடம் விட்டுத் துடையுங்கள். சுண்ணாம்பு புளிக்குக் கரையும்.

காய்ந்து கறுத்த கஞ்சிக்கும் குழம்புக்கும் அப்பச்சோடா தூவி, சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே விரித்து, 20 நிமிடம் விடுங்கள். ஊறும். அதற்கும் மசியாவிட்டால் பிளேட் பூட்டிய சுரண்டி. கண்ணாடியை நனைத்துவிட்டு, பிளேட்டைச் சரித்து, ஏறத்தாழ 30 பாகையில் பிடித்துத் தள்ள வேணும். நிமிர்த்திப் பிடித்தால் கீறும். தினமும் முகம் வழிக்கிற கைக்கு இந்தச் சரிவு புதிதில்லை.

ஒரே ஒரு விசயம் ஆறும்வரை காத்திருக்கக் கூடாது: சீனி. பனங்கட்டிப் பாணி, சர்க்கரை, சீனிப்பாகு வழிந்தால் உடனே அடுப்பை நிறுத்தி, கைக்குத் தடித்த துணி சுற்றிக்கொண்டு, சூட்டோடு சுரண்டி ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஆறினால் பாகு கண்ணாடியை இறுகப் பிடித்துச் சுருங்கும். கண்ணாடி சுருங்காது. பிறகு பாகை உரிக்கும்போது கண்ணாடியின் செதிளும் சேர்ந்து வரும். அந்தக் குழி மாறாது.

தைப்பொங்கலை நினைத்துப் பாருங்கள். சர்க்கரையும் பாலும் பொங்கி வழிந்தால்தான் எங்களுக்கு நல்லது. முற்றத்தில் கோலம் போட்டு, பானை வைத்து, முதல் பிடி அரிசி போடுவது அநேக வீடுகளில் வீட்டுத் தலைவர். பொங்கும்போது வெடி கொளுத்துவது பெடியள். ஆறு மணிக்குப் படம் எடுத்துப் போடுகிறோம். பத்து மணிக்கு, அடிப்பிடித்துக் கரி ஏறின அந்தப் பானையைக் கிணற்றடியில் யார் தேய்க்கிறார் என்று எவரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆம்பிளையளுக்குச் சமைக்கத் தெரியாது என்பது பொய். கலியாண வீட்டுக் கிடாரத்தில் நூறு பேருக்குச் சோறு போடுகிறார்கள், கோயில் மடத்தில் அன்னதானம் கிண்டுகிறார்கள், வெளிநாட்டு ரெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவி எத்தனையோ அண்ணாமார் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார்கள். பரிசில் கழுவின கை யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியதும் கழுவ மறந்துவிடுகிறது. சம்பளம் இல்லாத இடத்தில்தான் அது "பொம்பிளை வேலை".

"பொம்பிளையளே குசினிக்குள்ள விட மாட்டினம்" என்றும் ஒரு நியாயம் வரும். அவவிடம் இந்த வீட்டில் அவவுடையது என்று இருக்கிற ஒரே இடம் அது. அதிலும் அவர் அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போனால் திரும்பத் துடைப்பது அவதான். விடாததற்குக் காரணம் இருக்கிறது. ஒழுங்காகத் துடையுங்கள், ஆறு மாதம் தொடர்ந்து துடையுங்கள், அதுக்குப் பிறகும் விடாட்டி எங்களிடம் வாருங்கள், கதைப்பம். வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர் என்றால், இன்று எத்தனையோ பெண்களும் வேலைக்குப் போய்த்தான் வருகிறார்கள். 2017இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டு மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆய்வு செய்தது. கூலியில்லாத வீட்டுவேலையின் பெரும்பங்கு பெண்களின் தலையில்தான் என்பது அதிலும் வந்தது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சின்னவை. விற்கிறவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் கையேடு கொடுங்கள், கிணற்றுத் தண்ணிக்கும் தாச்சிக்கும் என்ன செய்வது என்பதையும் அதில் எழுதுங்கள். அனுப்புகிறவர்கள் அனுப்ப முன்னம் சமைக்கிற ஆளிடம் கேளுங்கள், எந்த அடுப்பு, எத்தனை வாட், இருக்கிற சட்டிகள் பொருந்துமா என்று. வீடு கட்டுகிறவர்கள் இரண்டாவது குசினிக்குக் கல் அறுக்க முன்னம், முதல் குசினியில் புகை போகிற வழியை ஒழுங்காகக் கட்டுங்கள்.

வீட்டில் இருக்கிற பெடியளுக்கு ஒரே கோரிக்கை. இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும், புட்டவித்த பானையை இறக்கின பிறகு, அடுப்பு உங்களுடையது. அப்பச்சோடா எந்தப் போத்தலில் இருக்கிறது எண்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்காமல் நீங்களே தேடுங்கோ.